கணக்குப்படி நான் கப்பலில்தான் இருந்தேன்

கோமு,

நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வச்சுட்டியா" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "எல்லாம் ரோஹித்கிட்ட இருக்கும்மா. என் பாஸ்போர்ட், கார்டு, காசு எல்லாத்தையும் ஒரே பையில போட்டு அவன்கிட்ட குடுத்துட்டேன். எனக்கு டென்ஷனே இல்ல, ஜாலியா கைய வீசிட்டு வருவேன்" என்றாய். அய்யோ, கையை வீசிக்கொண்டா! அதற்கு மேல் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. பால் பொங்குகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டேன். நேரில் வந்தால் கத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துபோவாய். அதனால்தான் கடிதம், அதுவும் தமிழில். டில்லி ஜனக்புரியில் நீ படித்த தமிழுக்கு இதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும். அப்படியே படி. மெதுவாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும். மாப்பிள்ளை ரோஹித்துக்குப் பஞ்சாபியும் இந்தியும்தான் தெரியும் என்பதால் எனக்கும் மனம்விட்டு எழுதச் சௌகரியம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகாதே என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போ. கல்யாணம் ஆனதிலிருந்து ரெண்டு பேரும் குர்காவ் ஆபீஸே கதியென்று கிடக்கிறீர்கள். ஒரு மாசம் கப்பலில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த வாரம் நீ வீட்டை விட்டுக் கிளம்பும்போது உன் பாஸ்போர்ட்டும் உன் காசும் உன் தோளில் தொங்குகிற பையில் இருக்க வேண்டும். போன வருஷம் நானும் அப்பாவும் கப்பலில் போய்வந்தோமே, அதில் உனக்குப் போட்டோக்களைத்தான் அனுப்பினோம். நடந்ததைச் சொல்லவில்லை. "பிள்ளை பயந்துரும், சொல்லாத" என்று அப்பா சொன்னார். உன் கல்யாண வேலையும் தலைக்கு மேல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் மூடிக்கொண்டிருந்தால் நான் உனக்கு என்ன தாய்?

முதலிலிருந்தே வருகிறேன், அப்போதுதான் விட்டுப்போகாது. கப்பல் கிளம்பும் அன்றைக்கே டில்லியிலிருந்து விமானம் பிடிக்காதே. ஜனவரிப் பனிமூட்டம் உனக்குப் புதுசா? விமான நிலையத்தில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. விமானம் எப்போது எழும்பும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கப்பல்காரன் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டான். முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஒரு ஓட்டலில் தங்குங்கள். வழியில் நிற்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று நீயே உட்கார்ந்து பார். ஏஜெண்ட் "ஹோ ஜாயேகா மேடம்", எல்லாம் ஆகிவிடும் என்பான், நம்பாதே. மருத்துவச் செலவுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடு. கப்பல் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னாலே பில் போடுகிறார். எங்களோடு குழுவாக வந்தவர்களில் ஒரு அம்மாளுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் பில்லைப் பார்த்த அதிர்ச்சியில் அது தானாகவே நின்றுவிட்டது. சிரிக்காதே, சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் கையை சோப்புப் போட்டுக் கழுவு. அத்தனை பேரும் ஒரே கரண்டியைத்தான் தொடுகிறார்கள்.

கப்பல் ஏறும் இடத்திலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவை நம் அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். இது தெரியாமல் என் பிரஷர் மாத்திரை, மாற்றுப் புடவை, சீப்பு எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். கசங்கிய புடவையும் கலைந்த தலையுமாக அறை வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு வேண்டிய மருந்தும் துணியும் உன் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி ஒருவழியாக வந்தது, அதிலிருந்த குக்கர் வரவில்லை. கஞ்சி வைத்துக்கொள்ளலாம் என்று சின்னதாக ஒரு கரண்ட் குக்கரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய புழுங்கலரிசியும் எடுத்துப் போயிருந்தேன். சூடாகிற சாமான் எதையும் அறையில் வைக்க விடமாட்டார்களாம், தீப்பிடித்துவிடுமாம். என்னைப் பாதுகாப்பு அறைக்கு வரவழைத்து, குக்கரை மேசைமேல் வைத்து, "இது உங்களுடையதா?" என்று ஒருவன் கேட்டான். கொலை வழக்கில்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள். அப்பா என்னை யாரோ என்பது மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கஞ்சிக்கென்று வைத்திருந்த உப்பு நார்த்தங்காய் மட்டும் தப்பியது, அதுதான் கடல் ஆடினபோது என்னைக் காப்பாற்றியது. நீயும் எடுத்துப் போ. அறையை மாற்ற முடியுமானால் கப்பலின் நடுவில், கீழ்த்தளமாகக் கேள். அங்கே ஆட்டம் குறைவு. ஏறினதும் ஆபத்துக் காலத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள், அதற்குத் தவறாமல் போ. "அதெல்லாம் ஃபார்மாலிட்டி" என்று படுக்கப் போன உங்கப்பாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

இனி அந்தப் பை விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் எந்த ஊருக்குப் போனாலும் எல்லாருடைய டிக்கெட்டும் காசும் சாவியும் அப்பாவின் பழுப்பு நிற ரெக்ஸின் பையில்தான் இருக்கும். திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் அதைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார். நான் வெறுங்கையோடு போவேன். இத்தனைக்கும் நான் யார்? அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவள். எத்தனை பெரிய அதிகாரிகளின் பயணப் பில்லை "ஒரிஜினல் டிக்கெட் எங்கே" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்! என் சொந்த டிக்கெட்டை நான் கையால் தொட்டதில்லை. கப்பலில் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். அதுதான் அறைக்குச் சாவி, கரையில் இறங்கவும் திரும்ப ஏறவும் அதுதான் அடையாளம். அவை ரெண்டும் அப்பா பையில். புடவைக்குப் பாக்கெட் கிடையாது, ரோமிங் போட்டதும் அவர் நம்பருக்கு மட்டும்தான், அதனால் என் போனும் அதே பையில்.

அப்புறம் அவர் நடை. மார்க்கெட்டானாலும் கல்யாண வீடானாலும் அவர் விறுவிறுவென்று முன்னே போவார், நான் பின்னே. திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. அதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. சின்ன வயசில் உனக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். கூட்டத்தில் தவறிப்போனால் நின்ற இடத்தை விட்டு நகராதே, அப்பா வந்து கண்டுபிடிப்பார். சரோஜினி நகரில் ஒரு வளையல் கடை வாசலில் நீ மூக்கொழுக நின்றதும் அப்பா ஓடிவந்து தூக்கினதும் ஞாபகம் இருக்கும். கடைத்தெருவுக்கு அது சரி. கப்பல் பயணத்தில் அதைவிட மோசமான யோசனை கிடையாது.

நடந்த ஊரின் பெயரை எழுத இன்றைக்கும் மனசு வரவில்லை. காலையில் கப்பல் கரையில் நின்றது. டில்லியிலிருந்து வந்த எங்கள் குழு மொத்தமும் இறங்கிக் கடைகளைச் சுற்றினோம். திரும்புகிற நேரம் மழை தூற ஆரம்பித்தது. எல்லாரும் ஜல்தி ஜல்தி என்று நடந்தார்கள், உங்கப்பா எல்லாருக்கும் முன்னால். ஒரு கடையில் நீலக்கல் பதித்த குட்டித் தோடு தொங்கியது. உன் காதுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. நின்றேன். விலை கேட்டேன், பேரம் பேசினேன், படிந்தது. காசு வாங்கத் திரும்பினேன், ஆளைக் காணோம். சரி, வருவார் என்று அங்கேயே நின்றேன். கடைக்காரி ஸ்டூல் எடுத்துப் போட்டாள், உட்கார்ந்தேன். மழை வலுத்தது, ஓய்ந்தது. அவர் வரவில்லை. எனக்குக் கோபம் வந்ததே தவிர பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். வரட்டும், வச்சுக்கறேன் என்று கருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் கடைக்காரிதான், "உங்கள் கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். தூக்கிவாரிப்போட்டது. எழுந்து ஓடினேன்.

துறைமுக வாசலில் நின்றவன் அட்டை எங்கே என்றான். புருஷனிடம் என்றேன். புருஷன் எங்கே என்றான். கப்பலில்தான் இருப்பார் என்றேன். எந்தக் கப்பல் என்றான். கோமு, எனக்குக் கப்பலின் பெயர் வரவில்லை! நீளமாக ஏதோ ஒரு பெயர். "வெள்ளைக் கப்பல், பெரிசு" என்றேன். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். அங்கே ரெண்டு கப்பல் நின்றது. ரெண்டும் வெள்ளை, ரெண்டும் பெரிசு. அறை நம்பர் கேட்டான். அப்பா பின்னால் போவேன், அவர் திறப்பார், நுழைவேன், நம்பரை யார் பார்த்தது? பாஸ்போர்ட் நம்பர் தெரியாது. புருஷன் போன் நம்பராவது சொல்லுங்கள் என்றான். என் போனில் 'அவுக' என்று இருக்கும், அழுத்தினால் போகும். எண்ணாக எனக்குத் தெரியாது! உன் நம்பரும் அப்படித்தான். மனப்பாடமாக இருந்தது நம் வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பர் ஒன்றுதான். அதைத் துண்டித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அங்கிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஊரில், நான் யாரென்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நிற்கிறேன். அந்த நிலைமை உனக்கு வரவே கூடாது.

ஏதோ பரிதாபப்பட்டு என்னை உள்ளே ஒரு ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரி என் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு முதல் கப்பலுக்குப் போன் செய்தாள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். ரெண்டாவது கப்பலுக்குப் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பெயரில் உள்ள பயணி ஏற்கெனவே கப்பலுக்குத் திரும்பிவிட்டார். கணக்கில் இருக்கிறது. நீங்கள் யார்?" என்றாள்.

நீங்கள் யாராம்! உங்கப்பா செய்த காரியம் அது. கப்பல் வாசலில் ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைக் கருவியில் வைக்க வேண்டும், டிங் என்று சத்தம் வரும், திரையில் போட்டோ தெரியும். இவர் மழைக்கு ஓடிவந்தவர், நான் பின்னால் வருகிறேன் என்கிற நினைப்பில் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரெண்டு அட்டையையும் சேர்த்து நீட்டியிருக்கிறார். பின்னால் எங்கள் குழுப் பெண்கள், எல்லாரும் புடவை, எல்லாரும் கண்ணாடி. வாசலில் நின்றவனுக்கு அவசரம், அதில் யாரையோ நான் என்று நினைத்து டிங் போட்டுவிட்டான். கணக்குப்படி நான் கப்பலில்தான் இருந்தேன். எல்லாரும் வந்தாச்சு என்று அவர்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தேட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில் ஒருத்தருக்கும் இல்லை.

அந்த ஆபீசில் நிற்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கிருந்துதான் வந்ததோ, ஆபீசில் பில்லைத் திருப்பி அனுப்பும்போது வருமே, அந்தக் குரல் வந்துவிட்டது. "அச்சா! அவ கப்பல்ல இருக்காளா? அப்போ அவளைக் கூப்பிடுங்க. போனுக்கு வரச் சொல்லுங்க. நான் அவகிட்ட பேசணும்" என்று இங்கிலீஷில் ஒரு போடு போட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அப்படியே போனில் சொன்னாள். கப்பல் முழுக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. அறையைத் தட்டினார்கள், காலி. மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் பையை மார்மேல் அணைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி, உங்கள் மனைவி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணைத் திறக்காமலே "பின்னால வந்துட்டிருக்கா" என்றாராம்.

கட்டியிருந்த கயிற்றைப் பாதி அவிழ்த்துவிட்டு எனக்காக நிறுத்திவைத்தார்கள். ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மேலே கம்பி ஓரமாக அத்தனை பேரும் நின்று கை தட்டுகிறார்கள், சிலர் போனில் படம் எடுக்கிறார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். படி முடிகிற இடத்தில் அந்தப் பையோடு உங்கப்பா நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏட்டி, எங்க போன நீ?"

நான் எங்கே போனேனாம்! கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர். ரெண்டு மூணு நாள் அவரோடு பேசவில்லை. ஒரே அறை, ஒரே மேசை, எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள் மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ எப்பவும் பின்னால வருவியே, அதான் நான் பாக்கல" என்றார். அப்புறம், "கப்பல் கெளம்பிருந்தா என்னட்டி பண்ணிருப்ப?" என்று கேட்டார். அவரே பையைத் திறந்து என் பாஸ்போர்ட், என் அட்டை, என் போன் மூன்றையும் என் தட்டுப் பக்கத்தில் எடுத்து வைத்தார். அன்றைக்குக் கப்பல் கடைக்குப் போய்த் தோளில் மாட்டுகிற சின்னப் பை ஒன்றை வாங்கினேன். உனக்குத் தெரியுமே, அந்தக் கறுப்புப் பை, "என்னம்மா எப்பப் பாத்தாலும் மாட்டிட்டே திரியுற" என்று கல்யாணத்தன்றைக்குக்கூடக் கேலி செய்தாயே, அதுதான். பட்டுப்புடவை மேல் ஏன் மாட்டியிருந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். அப்பாவும் மாறிவிட்டார். மார்க்கெட்டில் நாலடிக்கொரு தரம் நின்று திரும்பிப் பார்க்கிறார், பின்னால் வருகிறவர்கள் மோதிக்கொண்டு, "அரே அங்கிள்!" என்று திட்டுகிறார்கள்.

விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். கப்பல் ஒரு நேரம் வைத்திருக்கும், உன் போன் கரையில் இறங்கினதும் அந்த ஊர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். கப்பல் நேரத்துக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள். நடுக்கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடு, இல்லாவிட்டால் பில் வந்து உன் ஆபீஸ் லேப்டாப்பையே விற்க வேண்டியிருக்கும். இறங்குவதற்கு முந்தின சாயங்காலம் பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்லி எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் உடுத்த வேண்டியதை வெளியே எடுத்து வைத்துக்கொள். எங்கள் குழுவில் ஒரு ரிட்டயர்டு டைரக்டர் பேண்ட் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டு, மறுநாள் கோடு போட்ட பைஜாமாவோடு குடியுரிமை அதிகாரி முன்னால் நின்றார். கூட்டத்தில் தவறிப்போனால் எங்கேயும் நிற்காதே, யாருக்காகவும் காத்திருக்காதே, நேராகக் கப்பலுக்கு நட.

ரோஹித் நல்ல பையன், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உங்கப்பாவும் நல்ல மனுஷன்தான், என் பாரத்தைத் தான் சுமக்கிறோம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துச் சுகமாகக் கையை வீசிக்கொண்டு போனேன். நீ அனுப்பின கப்பல் பாதைப் படத்தைப் பார்த்தேன், உங்கள் கப்பலும் அந்த ஊரில் நிற்கப்போகிறது. துறைமுகத்திலிருந்து கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், வாசலில் தோடாகத் தொங்கவிட்டிருக்கும் கடை. நீலக்கல் இருந்தால் உன் பையிலிருந்து காசை எடுத்து நீயே வாங்கிப் போட்டுக்கொள். காசுக்காக யாரையும் திரும்பிப் பார்க்காதே.

இப்போது எழுந்து போய் ரோஹித்திடம் உன் சாமானை வாங்கு. நாளைக்கு வேண்டாம், விமான நிலையத்தில் வேண்டாம், இப்போதே. வாங்கினதும் எனக்குப் போன் பண்ணி உன் பாஸ்போர்ட் நம்பரையும் கப்பலின் பெயரையும் பார்க்காமல் சொல். தப்பாகச் சொன்னால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடு, எத்தனை தரமானாலும் சரி. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே உங்கப்பா கண்ணை மூடிக்கொண்டு என் நம்பரை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். கடைசி எண்களில் இன்னும் தடுமாறுகிறார். நான் எடுத்துக் கொடுப்பதாக இல்லை.

அம்மா